பளு எங்கே தொங்குகிறது?

என்ஜின் இறக்க வேண்டிய வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பேன். வீட்டுக்காரர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தம் எப்போது ஆரம்பித்தது, எந்த கியரில் அதிகமாகக் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் 'உம்' கொட்டிக்கொண்டே போர்ட்டிகோ கூரையையும் கொல்லை மரத்தையும் தரையையும் பார்த்துக்கொண்டிருப்பேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது என்ஜினைக் கீழே வைத்துப் பிரித்தால் தன்னால் தெரிந்துவிடும். 150 கிலோவுக்கு மேல் கனக்கிற இரும்பை எதில் மாட்டித் தூக்குவது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை கிடைக்காமல் நான் ஸ்பேனர் பையை அவிழ்ப்பதில்லை.

நான் வேலை பழகியது புதுச்சேரியில், நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு தகர ஷெட்டில். உள்ளே இரண்டு கார் நின்றால் மூன்றாவது தெருவில் நிற்கும். அதனாலேயே மேஸ்திரி பெரிய வேலைகளை வாடிக்கையாளர் வீட்டிலேயே வைத்துக்கொள்வார். ஓடாத காரைக் கயிறு கட்டி நேரு வீதி, மிஷன் வீதிக் கூட்டத்துக்குள் இழுத்து வருவதைவிட, செயின் பிளாக்கையும் ஸ்பேனர் பையையும் ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது அவருக்குச் சுலபமாக இருந்தது. பிளாக்கும் கிராங்கும் மட்டும் லேத் பட்டறைக்குப் போகும், ரீபோர் முடிந்து திரும்பி வரும். கார் வீட்டை விட்டு அசையாது. பின்னால் நானும் அப்படியே பழகிவிட்டேன்.

இந்த ஊருக்கென்று ஒரு காரணமும் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற சொல்தா குடும்பங்கள் இங்கே நிறைய. பிள்ளைகள் பாரிஸ் பக்கம் குடியேறியிருப்பார்கள். பெரியவர்கள் வெயில் காலத்தில் அங்கே போய் மாதக்கணக்கில் தங்கிவிடுவார்கள். கார் அதுவரை பூட்டிய கேட்டுக்குப் பின்னால் நிற்கும். கடலிலிருந்து நாலு தெரு தள்ளி நிற்கிற காருக்கு அந்தச் சில மாதங்களே போதும். பெருச்சாளி வயரைக் கடித்திருக்கும், டேங்க் அடியில் துரு தங்கியிருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புக் காற்றின் ஈரம் வார்ப்பிரும்பு முகத்தில் மெல்லிய துருவாகப் படிந்து, பிளேட்டின் லைனிங்கைப் பசை போட்டது மாதிரி பிடித்துக்கொள்ளும். கிளட்சை மிதித்தாலும் பிளேட் விலகாது, கியர் விழாது. 'கியர் பாக்ஸ் போயிடுச்சு தம்பி' என்று ஊரிலிருந்து வந்த மறுநாளே போன் வரும். கியர் பாக்ஸ் ஒன்றும் போயிருக்காது.

இதற்கு உடனே இறக்க வேண்டியதில்லை. கிளட்ச் பெடலை மிதித்த நிலையில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் சில வண்டிகளில் பிளேட் தானாக விட்டுவிடும். அதற்கும் மசியாவிட்டால், என்ஜினைச் சூடேற்றி அணைத்து, டாப் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடியே செல்ஃப் அடித்து, ஆளில்லாத சாலையில் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டருமாக மாற்றி மாற்றி மிதித்தால் 'டப்' என்று விடுபடும். இதைச் செய்ய எனக்குப் பிடித்த இடம் லாஸ்பேட்டை விமான நிலையப் பக்கத்துச் சாலை, அதுவும் விடியற்காலை. இதிலும் விடாத வண்டிக்குத்தான் கியர் பாக்ஸை இறக்குவது.

இனி அண்ணாந்து பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

புதுச்சேரியின் தமிழ் வீதி வீடுகளில் தெருவையொட்டித் தாழ்வாரம், அதற்குப் பின்னால் திண்ணை, உள்ளே முற்றம். தாழ்வாரத்து மரத்தூண்கள் கை கொள்ளாத பருமனில் இருக்கும். புது ஆட்களுக்கு அதைப் பார்த்ததும் கயிறு போடத் தோன்றும். அந்தத் தூண்கள் சுமப்பது ஓட்டுக்கூரையை. ஓட்டின் எடை நேராகக் கீழே இறங்குகிற மாதிரி அதைக் கட்டியவன் கணக்குப் போட்டிருக்கிறான். பக்கவாட்டில் ஒரு இழுப்பு வந்தால் கூரையும் சேர்ந்து நகரும்.

உள்ளே மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் ஏமாற்றும். தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குச் சட்டம், அதன்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். நடு உத்திரம் கறுத்துப் பளபளவென்று நூறு வருஷம் நிற்கிற மாதிரி இருக்கும். அது உளுத்துப்போவது நடுவில் இல்லை, சுவருக்குள் புதைந்திருக்கிற நுனியில். மழை நீர் சுவரில் ஊறி அந்த நுனியைத்தான் முதலில் தின்னும், கரையானும் அங்கேதான் ஆரம்பிக்கும். சுத்தியல் கைப்பிடியால் சுவரோரம் தட்டிப் பார்த்தால் தெரியும்: கெட்டியான மரம் கணீரென்று பேசும், உளுத்தது தொப்பென்று சொல்லும். கணீரென்று பேசினாலும் நான் மாட்டுவதில்லை. உத்திரம் தன் மேல் பரவலாக உட்கார்ந்திருக்கிற தளத்தைத் தாங்கச் செதுக்கப்பட்டது. ஒரே இடத்தில், அதுவும் நடுவில், என்ஜினைத் தொங்கவிட்டால் வளைவது முழுக்க அங்கேதான். ஊரைப் பிரிக்கிற பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வீதிகளில் குதிரை வண்டி நுழைகிற அகலத்துக்குக் கேட்டும் உயரமான கூரையும் உண்டு, வேலை செய்ய அருமையான இடம். ஆனால் பழைமை மாறாமல் பெரும் செலவில் புதுப்பித்த அந்த உத்திரங்களில் கயிறு போட எந்த வீட்டுக்காரர் விடுவார்? நானும் கேட்டதில்லை.

மேஸ்திரி காலத்தில் மரம்தான். வேப்பமரம் உள்ள வீடு என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. கிளையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை அவர் எனக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே சொல்லிக்கொடுத்தார். தொடைப் பருமனுக்குக் குறையக் கூடாது. அடிமரத்திலிருந்து இரண்டு முழத்துக்குள் கயிறு விழ வேண்டும். பட்டை வெடித்து, கறுப்பாகப் பிசின் வழிந்த கிளை கிட்டவே போகக் கூடாது. கயிற்றுக்கும் கிளைக்கும் நடுவில் கோணிப்பை மடித்துப் போட வேண்டும், மரத்துக்கும் நல்லது, கயிற்றுக்கும் நல்லது. மாமரம் இரண்டாம்பட்சம். முருங்கையைப் பற்றி அவரிடம் கேட்டவன் அன்று முழுக்க வசவு வாங்கினான்.

அந்த மரங்களில் பல 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயலோடு போயின. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அது கரையேறியபோது இந்த ஊரின் நிழலில் பெரும்பகுதி ஒரே காலையில் சாய்ந்தது. மின்சாரம் இல்லாமல், மரத்தடியில் நசுங்கிய கார்களைப் பார்த்துக்கொண்டு திரிந்த அந்த வாரம், எனக்கு எந்த வீட்டில் எந்தக் கிளை என்று மனப்பாடமாக இருந்த கணக்கெல்லாம் அழிந்துவிட்டது. என் பங்குக்கு அந்த வருஷத்தோடு மரத்தை விட்டேன்.

பிறகு முக்காலி. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரையும் பைப்பையும் தூக்குகிறவர்கள் வைத்திருக்கிற அதே மூன்று கால் இரும்புச் சாமான். மூன்று ஜி.ஐ. பைப், தலையில் ஒரு கொக்கி, அதில் ஒரு டன் செயின் பிளாக். உயரம் பத்தடியாவது வேண்டும். செயின் பிளாக்கே ஒன்றரை அடியைத் தின்றுவிடும், என்ஜினுக்கும் கொக்கிக்கும் நடுவில் கட்டுக்கு ஓரடி போகும், மிச்சத்தில்தான் என்ஜின் முன் கிரில்லைத் தாண்ட வேண்டும்.

முக்காலியில் ஆபத்து தலையில் இல்லை, காலில். பளு ஏற ஏறக் கால்கள் விரியப் பார்க்கும். மூன்று காலையும் கீழே ஒரு சங்கிலியால் சுற்றிக் கட்டினால்தான் அது முக்காலி. சிவப்பு சிமெண்ட் தரையிலும் மொசைக்கிலும் பைப் முனை வழுக்கும், அதனால் அடியில் நனைத்த கோணி. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் மண்தரை என்றால் அது மணல். அங்கே கால் வழுக்காது, புதையும். ஒரு கால் மட்டும் நாலு விரற்கடை புதைந்தாலும் தலை சாய்ந்துவிடும். அடியில் பலகை போட வேண்டும், மூன்றும் ஒரே அகலப் பலகையாக.

அம்பாசிடரில் வேலை ஆரம்பிப்பது பேட்டரியைக் கழற்றுவதில். வீட்டில் செய்கிறபோது இதை இரண்டு முறை சொல்வேன். ஒர்க் ஷாப்பில் பெட்ரோல் வாடை வந்தால் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் பின்கட்டில் அடுப்பு எரியும், சாயங்காலம் ஆறு மணிக்குத் திண்ணை மாடத்தில் விளக்கு வைப்பார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். பெட்ரோல் பைப்பைக் கழற்றிய உடனே நுனியில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்துவிட்டு, வீட்டு அம்மாவிடம் போய், 'இன்னைக்கு ஒரு நாள் விளக்கை உள்ள வையுங்கம்மா' என்று சொல்லிவிட்டு வருவேன். முகம் சுளித்தாலும் வைப்பார்கள். தரையில் ஆயில் கொட்டினால்தான் உண்மையான கோபம் வரும். அதற்கு மரத்தூள் ஒரு சாக்கு எப்போதும் என்னோடு வரும்.

பானட் கீல்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு கழற்ற வேண்டும், திரும்ப மாட்டும்போது இடைவெளி பிடிக்க ஒரு மணி நேரம் மிச்சமாகும். ரேடியேட்டர் தண்ணீர், என்ஜின் ஆயில், கியர் ஆயில் மூன்றையும் வடித்துவிட வேண்டும். கியர் ஆயிலை வடிக்காதவனுக்கு பிராப்பல்லர் ஷாஃப்டை உருவியதும் பின்வாயிலிருந்து ஆயில் கையில் வழிந்து முழங்கை வரை வரும். பின்னால் டிஃபரன்ஷியல் ஃபிளேஞ்சில் நாலு போல்ட், முன்னால் ஸ்ப்ளைனில் சும்மா செருகியிருப்பதுதான். ஃபிளேஞ்சின் இரண்டு பக்கமும் உளியால் ஒரு குறி போட்டுக்கொள்வேன், அதே இடத்தில் திரும்பச் சேர்ந்தால் ஷாஃப்ட் உதறாது.

ஸ்பேனர் விஷயத்தில் அம்பாசிடர் ஒரு வேடிக்கை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழியில் வந்ததால் 1489 சி.சி. பழைய என்ஜினுக்கு எல்லாமே இன்ச் ஸ்பேனர்: 7/16, 1/2, 9/16. தொண்ணூறுகளில் 1817 சி.சி. இசுசு என்ஜின் வந்ததும், இன்ச் பாடிக்குள் மில்லிமீட்டர் என்ஜின் உட்கார்ந்துவிட்டது. ஒரே பானட்டுக்குக் கீழே இரண்டு கணக்கு. அரை இன்ச் தலையில் 13 நம்பர் போட்டாலும் உட்காரும், ஆனால் ஆடும். இறுகிய போல்ட்டில் ஆடுகிற ஸ்பேனர் தலையை உருட்டிவிடும். மீட்டர் கணக்கை உலகத்துக்குக் கொடுத்த பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் நாங்கள் இன்ச் ஸ்பேனரோடு வாழ்ந்தோம் என்பது எனக்கு அவ்வப்போது சிரிப்பு மூட்டும்.

நேரம் அதிகம் போவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில். சூடும் உப்பும் சேர்ந்து அந்த ஸ்டட்டுகளை ஒரே கட்டியாக்கியிருக்கும். உள்ளே தள்ளியிருக்கிற வில்லியனூர்ப் பக்கத்து வண்டிக்கும் கடலோரக் குருசுக்குப்பத்து வண்டிக்கும் இங்கேதான் வித்தியாசம் தெரியும். மண்ணெண்ணெயும் பழைய ஆயிலும் கலந்து முந்தின நாள் மாலையே ஊற்றிவிட்டுப் போவேன். மறுநாள் முதலில் இறுக்கும் பக்கமாகவே லேசாக அசைப்பேன், துரு விரிசல் விட்டதும் அவிழ்ப்பேன். மல்லுக்கட்டினால் ஸ்டட் ஹெட்டோடு ஒடியும், பிறகு டிரில் போட்டு எடுக்க அரை நாள். மாட்டும்போது இரும்பு நட்டுக்குப் பதில் பித்தளை நட்டு. அதற்காக ஐம்பது ரூபாய் அதிகம் கேட்டால் முறைக்கிற வாடிக்கையாளர், அடுத்த முறை வேறு மெக்கானிக் அதை சுலபமாகக் கழற்றும்போது என்னை நினைத்துக்கொள்ளட்டும்.

கழற்றுகிற போல்ட்டை அது வந்த ஓட்டையிலேயே இரண்டு புரி ஏற்றி வைப்பது என் பழக்கம். டின்னில் கொட்டி வைத்தால் நீளமான போல்ட் எது, குட்டை எது என்று கடைசியில் குழம்பும். நீளமானது குட்டை இடத்தில் ஏறினால் உள்ளே எதையாவது இடிக்கும். இப்போது பையன்கள் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல விஷயம்தான், வயருக்கு அது போதும். போல்ட்டின் நீளம் படத்தில் தெரியாது.

எல்லாம் கழன்றுவிட்டது என்று நினைக்கிறபோது ஒன்று மிச்சம் இருக்கும். அநேகமாக அது என்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் பட்டை. தூக்கும்போது அது இழுத்துப் பிடிப்பதால் தெரிந்துவிடும். திரும்ப மாட்டும்போது மறந்தால்தான் விபரீதம். செல்ஃப் அடித்ததும் அத்தனை கரண்டும் திரும்பிப் போக வேறு வழி தேடி சோக் கேபிள் வழியாகவோ ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவோ பாயும், கேபிள் சிவந்து புகையும். வயரிங்கில் ஷார்ட் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு நாள் தேடிய வண்டிகள் எனக்குத் தெரியும்.

தூக்குகிற கட்டுதான் வேலையின் உயிர். என்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்து வெளியே வர வேண்டுமானால் மூக்கு மேலே, வால் கீழே என்று சாய வேண்டும். சரிந்த நிலையில்தான் கியர் பாக்ஸ் வால் ஃபயர்வாலுக்கு அடியிலிருந்து வெளியே வரும். கட்டு முன்னுக்குப் போனால் சாய்வு அதிகமாகும், பின்னுக்குப் போனால் வால் ஏறி டேஷ்போர்டுக்கு அடியில் இடிக்கும். எடை ஹெட்டின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். சங்கிலியை ஹெட் ஸ்டட்டில் போடுவேன், மேனிஃபோல்டில் போட மாட்டேன். தேங்காய் நார்க் கயிறு இந்த வேலைக்கு ஆகாது. அது பளுவுக்கு நீண்டு கொடுக்கும், நீண்டது எங்கே நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வாலுக்கு மட்டும் தனியாக ஒரு கயிறு, அதைப் பிடிக்க ஒரு ஆள். அவன் இழுக்கக் கூடாது, ஆடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

செயினை இழுக்க ஆரம்பித்ததும் புதிதாகப் பார்க்கிறவர்கள் பதறுவார்கள். என்ஜின் எழும்பாது, காரே எழும்பும். முன் சஸ்பென்ஷன் அவ்வளவு நாள் அமுங்கியிருந்தது என்ஜினின் கனத்தில். கனம் செயினுக்கு மாறமாற மூக்கு நிமிரும். ஒரு சாண் வரை நிமிர்ந்த பிறகுதான் மவுண்டிங்கை விட்டு என்ஜின் தனியாகப் பிரியும். இதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பத்தடி. என்ஜின் தொங்கியதும் அதை நகர்த்தக் கூடாது. காரைப் பின்னால் தள்ள வேண்டும், என்ஜின் இருந்த இடத்திலேயே தொங்கும். இதற்காகவே காரை ஸ்டாண்டில் ஏற்றாமல் சக்கரத்தில் விட்டு வைப்பேன், முக்காலியின் இரண்டு கால்களுக்கு நடுவே அது பின்னோக்கி நழுவிப் போகும். கீழே ஒரு பழைய லாரி டயரைத் தள்ளிப் போட்டு அதில் இறக்கினால் ஆயில் சம்ப் நசுங்காது. அதுவரை யாருடைய கையும் காலும் அடியில் போகக் கூடாது, விழுந்த ஸ்பேனரை எடுக்கக்கூட. வீட்டுக் குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொல்வேன். பெரியவர்களை அப்படி அனுப்ப முடிவதில்லை, அவர்கள் யோசனை சொல்ல வந்து நிற்பார்கள்.

முக்காலியே தேவைப்படாத கார் ஒன்று இருந்தது: சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 948 சி.சி. குட்டி என்ஜின், தனிச் சேஸிஸ். பானட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். கவிழ்த்தால் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். கிளட்ச் பிளேட் மாற்றக் காருக்கு அடியில் படுக்கவே வேண்டாம். முன் சீட்டைக் கழற்றி, நடுவிலிருக்கும் கியர் பாக்ஸ் மூடியைத் தூக்கினால் கியர் பாக்ஸ் காருக்குள்ளேயே இருக்கும். பின்னுக்கு உருவி, மடியில் வாங்கி, கதவு வழியாக வெளியே கொண்டுவந்துவிடலாம். வீட்டில் வேலை செய்கிறவனை மனதில் வைத்து வரைந்த கார் அது ஒன்றுதான் என்பது என் கட்சி. மழை ஒழுகும், கதவு தொங்கும், அதெல்லாம் வேறு கதை.

மாருதி 800 வந்ததும் பளுவின் கணக்கே மாறிவிட்டது. 1983 டிசம்பரில் முதல் வண்டி கைமாறியது. இந்த ஊரில் பழைய மாருதிகள் எங்கள் கைக்கு வந்து சேரச் சில வருஷம் ஆனது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், பிராப்பல்லர் ஷாஃப்ட் கிடையாது. தெம்பான இரண்டு ஆள் ஒரு பைப்பைச் செருகித் தோளில் வைத்துத் தூக்கிவிடுவார்கள். கியர் பாக்ஸை மட்டும் இறக்குவதென்றால் என்ஜினைத் தொங்கவிட வேண்டும், ஏனென்றால் ஒரு பக்க மவுண்டிங் கியர் பாக்ஸில்தான் இருக்கிறது. இதற்கு முக்காலி வேண்டாம். பானட் மூடுகிற இரண்டு பக்கப் பள்ளத்திலும் துணியை மடித்து வைத்து, குறுக்கே ஒரு கெட்டியான மரச்சட்டத்தைப் போட்டு, அதில் என்ஜினைக் கட்டிவிட்டால் முடிந்தது. கார் தன் என்ஜினைத் தானே சுமக்கும். மேஸ்திரிக்கு இது பிடிக்கவே இல்லை. 'பளுவே இல்லாத வேலைக்கு மெக்கானிக் எதுக்குடா?' என்பார். கை நிறைய மாருதி வேலை வந்த பிறகும் அதையே சொன்னார்.

2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர், ராணுவம் படகோடு வந்தது. தண்ணீர் வடிந்த மறுநாளிலிருந்து எனக்குப் போன் ஓயவில்லை. எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: 'சாவியைப் போடாதீங்க.' சிலர் கேட்டார்கள். பலர் ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள்.

சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்கும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டி நிற்க, செல்ஃப் மோட்டார் விடாமல் தள்ள, நடுவில் மாட்டிய கனெக்டிங் ராடு வளையும். பற்றிக்கொண்ட வேகத்தில் முட்டினால் ஒடிந்து பிளாக்கையே கிழித்துக்கொண்டு வரும். சாவி போடாத வண்டிகளுக்கு வேலை சுலபம். பிளக் எல்லாவற்றையும் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றினால் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சும். ஆயிலும் கியர் ஆயிலும் தண்ணீர் கலந்து வெளுத்திருக்கும், வடித்துவிட்டுப் புதிது ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி ஊற்ற வேண்டும். கியர் பாக்ஸை மறந்துவிடுகிறார்கள். அதன் மேலே மூச்சுவிட ஒரு சின்னத் துளை உண்டு, நாள் முழுக்க முங்கிக் கிடந்தால் அது வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

அந்த வாரம் ரெயின்போ நகரில் ஒரு வீட்டில் இசுசு என்ஜின் அம்பாசிடர். பெரியவர் பழைய சொல்தா. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பியிருக்கிறார், 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தேன். மூன்று பிஸ்டன் ஒரே உயரத்துக்கு வந்தன, ஒன்று குறைவாக வந்தது. ராடு வளைந்திருந்தது.

'இறக்கணுமா தம்பி?'

'இறக்கணும் ஐயா.'

'இந்த அம்பாசிடர் பேரையே இப்போ பெஜோக்காரன் வாங்கிட்டான், தெரியுமா? பாரிஸ்ல என் மகன் வண்டியும் அவன் கம்பெனிதான்.' தெரியும். அம்பாசிடர் தயாரான உத்தரபாரா ஆலை 2014-ல் நின்ற பிறகு, 2017-ல் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். 'பேரை வாங்கினவன் ராடு அனுப்புவானா ஐயா?' என்றேன். சிரித்துவிட்டு, சென்னை புதுப்பேட்டையில் யாரிடம் கேட்கலாம் என்று அவரே யோசிக்க ஆரம்பித்தார்.

முக்காலியை அவர் போர்ட்டிகோவில் நிறுத்த முடியவில்லை, கூரை தாழ்வு. காரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். வெள்ளம் வடிந்த மண் சேறாகக் கிடந்ததால் பலகைக்கு அடியில் இன்னொரு பலகை. என்ஜின் மேலே வந்ததும் சுற்றிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள், அவரவர் காரைப் பற்றிக் கேட்க.

ராடு புதுப்பேட்டையில் கிடைத்தது. மற்ற மூன்றையும் லேத்தில் அளந்து பார்க்கச் சொன்னேன், நேராக இருந்தன. பேரிங் எல்லாம் புதிது, ரிங் புதிது.

ஏற்றுவது இறக்குவதைவிட நேரம் பிடிக்கும். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த, உடைந்த கியர் பாக்ஸிலிருந்து எடுத்த பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். அதைச் செருகி வைத்துக்கொண்டு பிரஷர் பிளேட்டைக் குறுக்குக் குறுக்காக இறுக்கி, பிறகு உருவிக்கொண்டால் பிளேட் நடுவிலேயே நிற்கும். கியர் பாக்ஸைச் சேர்க்க, தலையை அறுத்த இரண்டு நீள போல்ட்டுகளை பெல் ஹவுசிங் ஓட்டைகளில் வழிகாட்டியாக மாட்டுவேன். நுனியில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டிருப்பேன், வேலை முடிந்ததும் ஸ்க்ரூ டிரைவரால் திருகி எடுக்க. டாப் கியரில் போட்டுக் கியர் பாக்ஸின் பின் ஷாஃப்டைக் கையால் மெல்லத் திருப்பினால் ஸ்ப்ளைன் தானாகத் தன் பல்லைத் தேடி உட்காரும். இங்கேயும் அதே கேள்விதான். பாதி நுழைந்த கியர் பாக்ஸைத் தாங்காமல் விட்டால் அதன் பளு முழுக்க அந்த மெல்லிய ஷாஃப்ட் வழியாக கிளட்ச் பிளேட்டில் தொங்கும், நடு ஹப் வளையும், புது பிளேட் முதல் நாளிலேயே உதறும். முழுசாக உட்கார்ந்து இரண்டு போல்ட் ஏறுகிற வரைக்கும் ஜாக்கியை எடுக்க விடமாட்டேன். பெல் ஹவுசிங் போல்ட்டைத் திருகி இழுத்துச் சேர்க்கிறவனைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். சேராவிட்டால் ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். போல்ட்டால் இழுத்தால் பெல் ஹவுசிங் காதுதான் விரியும்.

பெரியவர் செல்ஃப் அடிக்கத் துடித்தார். காயில் வயரைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமல் செல்ஃப் மோட்டாரிலேயே என்ஜினைச் சுற்றவிட்டோம். விட்டு விட்டு, மோட்டார் சூடாகாமல். ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கும் காயில் வயரும் மாட்டினேன். பற்றிக்கொண்டது. சோக்கில் கொஞ்சம் உறுமி, பிறகு சீரானது. ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் சேர்த்தேன், எர்த் பட்டையைக் கையால் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை.

'திண்டிவனம் வரைக்கும் போகலாமா?' என்றார். அக்கா வீடு அங்கே.

'போகலாம் ஐயா. அறுபதுக்கு மேல மிதிக்காதீங்க. ஒரே வேகத்துலயும் போகாதீங்க, ஏத்தி ஏத்தி இறக்குங்க. 500 கிலோமீட்டர் ஆனதும் கூப்பிடுங்க. ஆயிலை மாத்தணும், ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில ஹெட் போல்ட்டை மறுபடி பிடிக்கணும்.'

'அதுக்கு வேற காசா?'

'ஆயிலுக்கு மட்டும்' என்றேன்.